தெருமுனையில் தம்பியின் பேனர்

17 ஜனவரி 2025, வெள்ளி

பொங்கல் வாழ்த்து பேனர்களை எல்லாம் கழற்றி ஆட்டோக்காரர்கள் கூரை போட்டுக்கொண்டாகிவிட்டது. தை முகூர்த்தம் சூடு பிடிக்கும்வரை, நான் டிசைன் போடுகிற ஃப்ளெக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலிதான் ஓடும். பனி தாங்காதவர்கள் போய்ச் சேர்கிற மாதம். இன்று மட்டும் மூன்று.

அதில் ஒருவர் மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவர். வீட்டில் இருந்த ஒரே படத்தில் லுங்கி பனியனோடு சிரித்துக்கொண்டிருந்தார். "கோட்டு போட்டு குடுங்கம்மா" என்றார் மகன். தலையை மட்டும் எடுத்துக் கோட்டில் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் கறுப்பு, நீலம், சாம்பல் என்று மூன்று கோட்டு வைத்திருக்கிறேன். மந்தைவெளியில் செத்தவர்களில் பாதிப் பேர் அதில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் நாகராஜ் அண்ணன் வந்தார். எங்கள் பட்டினப்பாக்கத்தின் வட்டச் செயலாளர். கல்யாணமோ சாவோ, கட்சி சார்பில் முதல் மாலை அவருடையதுதான்.

"இன்னா செல்வி, நம்ம டில்லி மெடல் வாங்கிக்கீறானாமே. அம்மா மீன் வெட்டிக்கினே சொல்லுச்சு. குடியரசு தினத்துக்கு முனையில ஒண்ணு கட்டிருவோம்."

என் தம்பி டில்லிபாபு மத்தியப் படையில் கான்ஸ்டபிள். எங்கோ வடக்கே, காட்டுக்குள் முகாம். போன மழைக்காலத்தில் அங்கே தீவிரவாதிகளோடு நடந்த சண்டைக்காக அவனுடைய குழுவுக்குப் பாராட்டுப் பதக்கம். வாட்சப்பில் அவன் அனுப்பியது ஒரே வரி. அம்மா அதை ஒரு கதையாக்கி வஞ்சிரத்தோடு சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிறது.

பேனரில் முகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தலைவர் பெரிசு, மாவட்டம் அதில் பாதி, வட்டம் அதற்கும் கீழே, பையன்கள் ஸ்டாம்பு சைஸ். நான் டில்லியைத் தலைவர் அளவுக்கு வைத்தேன். அண்ணன் தலையைச் சொறிந்தார், ஆனால் விட்டுவிட்டார். வாசகம் நான் எழுதியது: பட்டினப்பாக்கத்தின் புலியே! பாரதத்தின் வேலியே!

லீவில் வருகிறவனுக்குச் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும்.

19 ஜனவரி, ஞாயிறு

அம்மா புதுப்புடவை எடுத்திருக்கிறது. பதக்கம் தனக்குத்தான் என்று நினைப்பு.

23 ஜனவரி, வியாழன்

டில்லி வந்துவிட்டான். சென்ட்ரலிலிருந்து ஆட்டோ. முனையில் நானும் அம்மாவும் பேனருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம், ஆரத்தித் தட்டோடு.

இறங்கினான். நிமிர்ந்து பார்த்தான். ஆட்டோக்காரர் பெட்டியை இறக்கி வைத்து, "சார் நீங்களா" என்று கை கொடுத்தார். கொடுத்த கையை டில்லி பிடித்துக்கொண்டே நின்றான், விடத் தெரியாதவன் மாதிரி.

"யாருக்கா பண்ணது?"

"நான்தான்டா. நல்லாக்கீதா?"

உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். நெத்திலி வறுவல் அப்படியே இருக்கிறது. இளைத்துப் போயிருக்கிறான். பேனரில் இருக்கிறவன் வேறு யாரோ.

பயண அலுப்பு என்கிறது அம்மா. இருக்கும்.

26 ஜனவரி, ஞாயிறு

கொடியேற்றம். நாகராஜ் அண்ணன் பொன்னாடை போர்த்தினார், சாக்லேட் கொடுத்தார்கள். "நாலு பேரைப் போட்டுத் தள்ளின நம்ம சிங்கம்" என்று மைக்கில் சொன்னதும் கைதட்டல். டில்லி பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பாதியில் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டான். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

எனக்கும்தான். இவனுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்தேன். உள்ளதை எழுத வேண்டுமே.

28 ஜனவரி, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா? ஊர்ப் பேர், படைப் பேர் இதில் வேண்டாம் என்று டில்லி சொல்லியிருக்கிறான். எழுதவில்லை.

மத்தியானம் கடைக்கு மட்டம் போட்டு அவனைத் தேடிப் போனேன். படகுகளுக்கு நிழலில் வலைமேல் உட்கார்ந்திருந்தான். ஏன்டா இப்படி இருக்கே, அம்மா அழுவுது என்றேன். சொன்னான். கடலைப் பார்த்தபடியே சொன்னான்.

"சண்டைலாம் இல்லக்கா. வெதைக்கறதுக்கு முன்னாடி அந்தக் காட்டு ஊரு ஜனங்க ஒரு சாமி கும்பிடுவாங்க. அது முடிஞ்சு தீவட்டி வச்சிக்கினு வந்துகினு இருந்தாங்க. தீவட்டி வச்சிக்கினு எவனாவது சண்டைக்கு வருவானா? முன்னாடி இருந்தவன் சுட்டான். எல்லாரும் சுட்டாங்க. நானும் சுட்டேன்."

நாலு பேர். அதில் ஒன்று பெண் குழந்தை, பதிமூன்று வயது இருக்குமாம்.

"எங்க ஆபீசர், பெரியவரு, வந்து பார்த்தாரு. கேம்ப்ல இருந்து தீவிரவாதிங்க போடற பச்சை டிரெஸ் வந்துச்சு. நாலு பேருக்கும் மாட்டி வுட்டு ஃபோட்டோ எடுத்தாங்க. அந்தப் பொண்ணுக்குக் கை நீளமா போய்ட்ச்சிக்கா. மடிச்சு வுட்டது நான்தான்."

தன் சட்டைக் கையைப் பிடித்து மடித்துக் காட்டினான். இரண்டு மடிப்பு, ஒழுங்காக. ஸ்கூல் போகும்போது நான் அவனுக்கு மடித்துவிடுவேனே, அந்த மாதிரி.

குழந்தையின் அம்மா முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். மங்லி, மங்லி என்று. "அவங்க பாஷைலயும் கண்ணுன்னா கண்ணுதான்க்கா, கைன்னா கைதான். வான்னா வாதான். எங்க ஆளுங்க யாருக்கும் புரியல. எனக்கு மட்டும் புரிஞ்சிச்சு."

அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இவனும் போட்டான். விசாரணை முடிந்தது. பதக்கம் வந்தது. நான் புலியே வேலியே என்று எழுதினேன்.

29 ஜனவரி, புதன்

அடையாறிலிருந்து ஒரு பெரியவர் படம் வந்தது, வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு. கோட்டு போடச் சொன்னார்கள். மவுஸைப் பிடித்த கை நகரவில்லை. செத்தவர்களுக்கு இல்லாத உடுப்பை மாட்டிப் படமெடுப்பது — அங்கே பச்சை, இங்கே சாம்பல். ஒன்றா என்றால் ஒன்றில்லை, தெரியும். ஆனாலும் கை நகரவில்லை.

கடை முதலாளி கபாலி அண்ணனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

31 ஜனவரி, வெள்ளி

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டான். எங்கேடா என்றேன். "ஸ்டேஷனுக்கு. சொல்லிட்டு வந்துட்றேன்." தனியாக விட மனமில்லை, நானும் போனேன்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் பேனரில் பார்த்த முகம் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து கை கொடுத்தார். டீ வந்தது. டில்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. கடைசியில், "என் மேல கேஸ் எழுதிக்கோங்க சார்."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பிரதர், நாம ரெண்டு பேரும் யூனிஃபார்ம்காரங்க. இது எங்க லிமிட்லயே இல்ல. நடந்த எடத்துல போய்ச் சொல்லணும்."

"அங்க சொன்னேன் சார். எங்க பெரியவருக்கு எழுதியே குடுத்தேன். டாக்டர்கிட்ட அனுப்பி, ரெஸ்ட் எடுன்னு லீவு குடுத்துட்டாங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இது என்ன லீவு என்று. பதக்கம் வாங்கியவனுக்குப் பரிசாகக் கொடுத்த லீவு என்றல்லவா அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"பார்த்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், என் பக்கம் திரும்பி. "தூக்கம் இல்லபோல. நல்ல டாக்டரா பாரும்மா. சீக்கிரம் ஒரு கல்யாணத்தையும் பண்ணி வை."

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமாம். இந்த ஊரில் அதற்குச் சரியாகாத வியாதியே இல்லை.

3 பிப்ரவரி, திங்கள்

மயிலாப்பூரில் ராகவேந்திரன் சார் வீட்டுக்குப் போனோம். ஹைகோர்ட் வக்கீல். அவருடைய விசிட்டிங் கார்டு எங்கள் கடையில்தான் அடிப்பது. நல்ல மனிதர், கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டார்.

"இங்க பாரும்மா. அந்த மாதிரி எடத்துல டியூட்டில இருந்தவா மேல கேஸ் நடத்தணும்னா மத்திய அரசாங்கம் அனுமதி தரணும். கேட்டுண்டு போனவா எத்தனையோ பேர். நான் பார்த்த வரைக்கும் பைல் போகும், திரும்பி வந்து பார்த்ததில்லை."

"செஞ்சவனே வந்து நிக்கறான் சார்."

"அதான் எனக்கும் புதுசா இருக்கு. செத்தவா சொந்தம் கோர்ட்டு வாசல்ல வந்து நிக்கறது உண்டு. சுட்டவன் வந்து நின்னு நான் பார்த்ததே இல்லை." டில்லியைப் பார்த்துச் சொன்னார்: "விசாரணை அறிக்கைல நீ தப்பே பண்ணலேன்னு இருக்கு. அது இருக்கற வரைக்கும் நீ சொல்றதுக்கு மதிப்பு கிடையாதுப்பா. உன் வாக்குமூலத்தைவிட அவா காகிதம் பெரிசு. எதுக்கும் எழுதி அனுப்பலாம். வேலை போகும், அது மட்டும் நிச்சயம்."

வெளியே வந்தோம். கபாலீஸ்வரர் கோயில் குளத்தங்கரையில் டில்லி நின்றுவிட்டான்.

"கோயில்ல இன்னாக்கா பண்ணுவாங்க இதுக்கு? எதுனா பரிகாரம் இருக்குமா?"

உண்டியலில் போடுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்.

5 பிப்ரவரி, புதன்

சண்டை போட்டுவிட்டேன். வாய்க்கு வந்தபடி. இன்னாடா வேணும் உனக்கு, ஜெயிலுக்குப் போனாத்தான் தூக்கம் வருமா, அப்பா போன பிறகு அம்மா கூடையைத் தூக்கிக்கினு தெருத்தெருவா சுத்தி உன்னை ஆளாக்குச்சே அதுக்குக் குடுக்கற கூலி இதானா, உன் மனசு ஆறணும்னு எங்க சோத்துல மண்ணைப் போடுவியா —

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக: "எனக்கு ஆறணும்னு இல்லக்கா. எம் பொண்ணைச் சுட்டது நீங்கதானேன்னு அந்தம்மா வேலிகிட்ட நின்னு கேட்டுக்கினே இருந்துச்சு. யாராவது ஒருத்தன் ஆமான்னு சொல்லணும்ல?"

சொல்லணும். யாரிடம்?

கேட்கிறவர்கள் எல்லாம் டீ கொடுக்கிறார்கள்.

7 பிப்ரவரி, வெள்ளி

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

காலை பத்து மணி வாக்கில், தெருவே பார்க்க, அம்மாவின் மீன்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் டில்லி பேனரை அறுத்துவிட்டான். தன் முகத்தை மட்டும்தான் அறுக்கப் பார்த்தானாம். ஃப்ளெக்ஸ் ஒரு இடத்தில் கிழிந்தால் நிற்குமா? மாவட்டச் செயலாளர் முகம் கழுத்தோடு போய்விட்டது.

எனக்குக் கடைக்குப் போன் வந்து நான் ஓடுவதற்குள் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாலு உயிருக்கு வராத போலீஸ், ஒரு ஃப்ளெக்ஸுக்கு டீ ஆறுவதற்குள் வந்திருக்கிறது.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், எதிரே புகார் சொல்ல வந்த நாகராஜ் அண்ணன். இத்தனை நாளில் அவன் முகம் இப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. பக்கத்தில் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார்: பேர், அப்பா பேர், விலாசம்.

"எழுதறாங்கக்கா" என்றான் என்னைப் பார்த்து. "வீட்ல சாப்பாடு கீதா? பசிக்குது."

வேலை என்ன என்று ரைட்டர் கேட்டார். சொன்னான். அடையாள அட்டையைக் கொடுத்தான். ரைட்டர் பேனாவை மூடிவிட்டு உள்ளே போனார். அதே இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"யோவ் நாகராஜு, இன்னாய்யா நீ. மெடல் வாங்கின ஆளு மேல பேனர் கேஸா? நாளைக்கு டிவில வந்தா என் தொப்பி போய்டும். மொதல்ல உன் பேனருக்குப் பர்மிஷன் கீதா?"

நாகராஜ் அண்ணன் அந்த நிமிஷமே டில்லியின் தோளில் கை போட்டார். "சார், நம்ம வூட்டுப் பையன் சார். நான் இன்னா கேஸா குடுத்தேன்? சும்மா சொல்லி வச்சேன்."

எழுதிய காகிதத்தை ரைட்டர் நாலாகக் கிழித்தார்.

"கிழிக்காதீங்க சார்" என்றான் டில்லி. எழுந்து நின்றுவிட்டான். "சார், நான்தான் கிழிச்சேன். எல்லாரும் பார்த்தாங்க. இதையாவது எழுதுங்க சார். சார் —"

இன்ஸ்பெக்டர் அவனைத் தட்டிக்கொடுத்து, ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுவந்து விடச் சொன்னார். முன் சீட்டில்.

8 பிப்ரவரி, சனி

நாகராஜ் அண்ணன் கடைக்கு வந்தார். அதே பேனர் இன்னொன்று வேண்டுமாம், கட்சி மானம். கபாலி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம்னா வேற யாராவது அடிச்சிக் குடுப்பாங்க செல்வி. பக்கத்துலயே நாலு கடை கீது."

உண்மைதான். அடித்தேன். பைல் கம்ப்யூட்டரில் இருந்தது, ஒரு பட்டன்தான். புலியே என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

டில்லி கிளம்பிவிட்டான். போகாதே என்று சொல்லத் தைரியம் வரவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா கருவாடு கட்டிக் கொடுத்தது.

சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியே: "அக்கா, உன் கடையில செத்தவங்களுக்கு அடிப்பல்ல. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு அடிச்சு ஒட்டுக்கா. மீதி மூணு பேரோட பேரு எனக்குத் தெரியாது."

23 பிப்ரவரி, ஞாயிறு

ரோல் முடிகிற இடத்தில் மிஞ்சும் துண்டு எங்களுக்கு என்பது கடை வழக்கம். கூடைக்கு மூடி, ஜன்னலுக்குத் திரை என்று ஆளுக்கொன்று எடுத்துப்போவோம். என் துண்டில் அடித்தேன்.

கண்ணீர் அஞ்சலி. மங்லி. தோற்றம் என்ற இடம் காலி. மறைவு, போன மழைக்காலம். நடுவில் படம் வைக்கிற வட்டம். அதை எடுத்துவிட்டால் போஸ்டர் சாய்வாகத் தெரிந்தது, அதனால் வெள்ளையாகவே விட்டேன். கோட்டு இல்லை, பச்சை இல்லை, ஒன்றும் போடவில்லை.

கீழே வருந்துவோர் வரும். டில்லிபாபு, அன்புச்செல்வி என்று எங்கள் இரண்டு பேரையும் போட்டேன்.

முனைச் சுவரில், அவன் பேனர் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்தது.

9 மார்ச், ஞாயிறு

அம்மா போஸ்டரைப் பார்த்துவிட்டது. யாருடி மங்லி என்றது. டில்லிக்குத் தெரிஞ்ச பொண்ணு என்றேன்.

அம்மா தானாகவே முடித்துக்கொண்டது. "அதான் கல்யாணம் வேணான்றானா. அங்கயே ஒண்ணைப் பார்த்து வச்சிக்கீறான், அதுவும் பூட்ச்சா? பாவி, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. எந்த ஜாதியா இருந்தா எனக்கு இன்னா, கூட்டியாந்திருக்கலாம்ல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தலையில் இருந்த பூவில் ஒரு கிள்ளு எடுத்துப் போய் அந்த வெள்ளை வட்டத்துக்கு மேலே செருகிவிட்டு வந்தது.

நான் தடுக்கவில்லை. மருமகள் என்று நினைத்தாவது ஒரு தாய் அழட்டும்.

20 ஏப்ரல், ஞாயிறு

அம்மா இன்னும் பூ வைக்கிறது. வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. டில்லி போன் செய்தால் மூன்றே கேள்வி: சாப்ட்டியா, அம்மா எப்டி கீது, அது கீதாக்கா. கீதுடா என்பேன். வைத்துவிடுவான்.

2 ஜூலை, புதன்

பெரியவருக்கு அவன் மறுபடி எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வந்ததாம். அப்படி ஒரு சம்பவம் பதிவில் இல்லை என்று. ராகவேந்திரன் சாரிடம் சொன்னேன். "சொன்னேனேம்மா" என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

14 ஆகஸ்ட், வியாழன்

டில்லிக்குப் பதவி உயர்வு. ஹெட் கான்ஸ்டபிள். பதக்கம் இருந்ததால் வரிசையைத் தாண்டி முன்னாலேயே கிடைத்ததாம். அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தது.

நாகராஜ் அண்ணன் நேற்றே ஆர்டர் கொடுத்துவிட்டார், சுதந்திர தினத்துக்கு. இந்த முறை பெரிய சைஸ். டில்லி புதுப்படம் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டான். பழைய படத்தையே திறந்து, சட்டைக் கையில் மூன்று பட்டையை நான்தான் ஒட்டினேன். கை கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. சரி செய்தேன்.

காலையில் கட்டினார்கள். கம்பம் போதாமல் சுவரோடு சேர்த்து, மங்லி போஸ்டர் மேலேயே இழுத்து ஆணி அடித்தார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணே, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்களேன் என்றேன். "தள்ளினா முகம் மறையும்மா" என்றார் ஏணியில் நின்றவர். நாளைக்கு வெள்ளி. அம்மா பூவை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று தெரியவில்லை.

சாயங்காலம் போன். சாப்ட்டியா. அம்மா எப்டி கீது.

"அது கீதாக்கா?"

"கீதுடா" என்றேன். "அங்கயேதான் கீது."

எங்கே என்று அவன் கேட்கவில்லை. உனக்குப் பின்னாடி என்று நானும் சொல்லவில்லை.